ஜூடி புளூமின் 'பிளப்பர்'

அமெரிக்க நாவலாசிரியை ஜூடி புளூம் 1974இல் வெளியிட்ட 'பிளப்பர்' என்னும் சிறு நாவலைச் சிறுவர் நூல்தானே என்று எண்ணியே நாமும் கையில் எடுத்தோம். படித்து முடித்தபோது அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு மாணவி லிண்டா திமிங்கிலத்தைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசிக்கிறாள். திமிங்கிலத்தின் தோலடிக் கொழுப்புக்கு ஆங்கிலத்தில் 'பிளப்பர்' என்று பெயர். சற்றுப் பருத்த உடல்வாகு கொண்ட லிண்டாவுக்கே அப்பெயரைச் சூட்டிவிடுகிறாள் வெண்டி என்பவள். அன்று தொடங்குகிறது வதை. ஆசிரியை எதையும் அறிந்தாரில்லை. லிண்டா தன் உணவைக் குறைத்துக்கொள்கிறாள், வதையோ குறையவில்லை.

நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எடை குறைந்தால் ஏளனமும் தீர்ந்துவிடும் என்று நம்பித் தட்டை ஒதுக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! வெண்டிக்கு வேண்டியது ஓர் இரை. பருமன் வெறும் சாக்கு. லிண்டாவை நிறுத்தி நடத்தும் விளையாட்டு விசாரணையில், அவளுக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டுமென்று ஜில் வாதாடுகிறாள். உடனே ஜில்லே அடுத்த இரையாகிறாள். லிண்டாவும் வதைப்போருடன் சேர்ந்துகொள்கிறாள். இது கசப்பு, ஆயினும் உண்மை.

கதையைச் சொல்பவள் இந்த ஜில்தான். லிண்டாவை வதைத்தவர்களில் அவளும் ஒருத்தி. குற்றம் செய்தோர் தண்டனை பெறவில்லை என்று அந்நாட்டில் இந்நூலை நூலகங்களிலிருந்து அகற்றக் கோரியோர் உண்டு. அக்குறையை நாம் ஏற்பதற்கில்லை. நமக்குள்ள குறை வேறு. லிண்டாவின் உள்ளத்துக்குள் ஒருமுறைகூட நாம் நுழைவதில்லை. பள்ளிவிட்டுச் சென்றபின் அவள் அழுதாளா, கண்ணாடியைப் பார்க்க அஞ்சினாளா? நூலில் விடையில்லை. வதைத்தவளின் கண்ணால் கதை சொல்லத் துணிந்த ஆசிரியை கொடுத்த விலை அது.

பட்டப்பெயர் சூட்டி இழிப்பதைத் திருமறை (49:11) தடுத்திருப்பதை அறியாதார் நம்மில் யார்? ஆயினும் திருமண வீட்டில், சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்து, "இவளுக்குத் தனிச் சஹன் வையுங்கள்" என்று மாமிமார் சொல்லிச் சிரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பெண்ணும் உடன் சிரித்தாள். சோற்றில் வைத்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எளிய ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் தாமே படிக்கலாம். தாய்மார் அவர்களுக்கு முன்னரே படித்துவிடுவது நன்று.