எப்ப எடுக்கறாங்க? – இறுதிச்சடங்கு நிறுவனங்களின் பேஸ்புக் பக்கங்களைப் படித்தபோது

நாவலூரில் டீக்கடையில் பழக்கமான தம்பி ஒருவர், ஐஸ் பெட்டி இரண்டும் அமரர் ஊர்தி ஒன்றும் வாங்கித் தொழில் ஆரம்பித்திருக்கிறார். போன மாதம் என்னிடம் கேட்டார். "சார், நீங்க ஐ.டி.ல இருக்கீங்க. பேஸ்புக்ல ஒரு பேஜ் தொறந்துட்டேன். டெய்லி ஏதாவது போடணுமாம், அது ஷேர் ஆகணுமாம். இந்தத் தொழில்ல என்னத்த சார் போடறது?"

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கேள்வி விடவில்லை. இரண்டு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து, இதே தொழிலில் இருப்பவர்களின் பக்கங்களைத் தேடித்தேடிப் படித்தேன். அதன் விமர்சனம்தான் இது.

பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, சூரிய அஸ்தமனமோ தாமரையோ பின்னணியில் இருக்க, மரணம் பற்றிய தத்துவ வாக்கியம். இரண்டு, பண்டிகை வாழ்த்து: பொங்கல் பானை, கரும்பு, கீழே ஐஸ் பெட்டிக்கு அழைக்க வேண்டிய செல் நம்பர். மூன்று, பூ அலங்காரம் செய்த வண்டியின் போட்டோ. நான்கு, "24 மணி நேர சேவை" என்ற பட்டியல். எதிலும் விலை இல்லை. எந்த ஊர் வரை வருவார்கள் என்றும் இல்லை.

இவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறார்கள். மார்க்கெட்டிங் கட்டுரைகள் சொல்வது இதுதான்: ஆறுதல் மொழி போடு, ஊழியர்களை அறிமுகம் செய், விசேஷ நாளில் வாழ்த்துச் சொல். ஒரே குடும்பம் பல தலைமுறையாக ஃப்யூனரல் ஹோம் நடத்தும் அமெரிக்கச் சிற்றூரில் அதற்கு அர்த்தம் இருக்கலாம். அங்கே அந்தக் கடைக்காரர் ஊர்க்காரர், அவர் பக்கம் ஊர்ப் பக்கம். நம் ஊரில் ஐஸ் பெட்டிக்காரரின் வாழ்த்தை எவன் தன் வீட்டு வாட்ஸப் குரூப்பில் ஷேர் செய்வான்? அத்தை உடனே போன் போட்டுத் திட்டுவார்.

அதற்காக நாம் சாவைப் பகிராதவர்கள் இல்லை. நம்மைப்போல் பகிர்பவர்கள் குறைவு. தெருமுனை கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். படம், பெயர், யாருடைய தகப்பனார், எந்தத் தேதியில், இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு, எங்கிருந்து. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் மரண அறிவித்தல்களும் அதே இலக்கணத்தில்தான் இருந்தன. போன் அரிதாக இருந்த காலத்தில், இன்னொரு ஊரில் இருக்கும் உறவுக்குச் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த வடிவம் பிறகு இணையத்துக்கு வந்தது. லங்காசிறியின் ரிப்புக் தளத்தில் ஒரு அறிவித்தலைத் திறந்தால் பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகள், யாருடைய மனைவி, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், பார்வைக்கு வைக்கும் நேரம், கிரியை, தகனம், நாடுவாரியாகத் தொடர்பு எண்கள் என்று எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் இறந்தவருக்கு பாரிஸிலும் லண்டனிலும் உறவு இருக்கும்போது, இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறு என்ன இருக்க முடியும்? யாரும் ஷேர் பண்ணச் சொல்லிக் கேட்பதில்லை. அது தானாகவே ஷேர் ஆகிறது.

காரணம் எளிது. நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், துக்கத்துக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது நம் வழக்கம். கூப்பிடாமல் போக வேண்டுமென்றால் தகவல் வந்தாக வேண்டும். சாவுச் செய்தி கேட்டதும் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப எடுக்கறாங்க?" அதற்குப் பதில் சொல்வது எதுவோ அதுதான் பகிரப்படும். தாமரைப் படம் அதற்குப் பதில் சொல்வதில்லை.

எதிர் உதாரணமும் ஒன்று உண்டு. 2022 நவம்பரில் டெல்லி பிரகதி மைதானத்தில் நடந்த இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில், மும்பையைச் சேர்ந்த சுகாந்த் என்ற இறுதிச்சடங்கு நிறுவனம் பாடையோடு ஒரு ஸ்டால் போட்டிருந்தது. அந்தப் படம் சமூக வலைத்தளங்களில் காட்டுத்தீயாகப் பரவியது. முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம், சுமார் 37,500 ரூபாய் என்று செய்திகளில் வந்தது. ஷேர் செய்தவர்கள் எதற்காகச் செய்தார்கள்? தோள் கொடுக்கக்கூட ஆளில்லாத காலம் வந்துவிட்டதே என்ற அதிர்ச்சிக்காக. தனியாக வாழும் முதியவருக்கு அந்தத் திட்டம் உண்மையிலேயே உதவுமா, என்னென்ன அடங்கும், நிறுவனம் மூடிவிட்டால் பணம் என்ன ஆகும் என்ற விவாதம் அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. பரவுவது வேறு, பயன்படுவது வேறு.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் அப்பா வீட்டிலேயே இறந்தார். பின்னிரவு இரண்டரை மணி. நான் போனை எடுத்துத் தேடினேன். வந்ததெல்லாம் மேலே சொன்ன நான்கு வகைதான். ஒரு பக்கத்தில் நம்பர் கிடைத்தது, நாலு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. வந்தவர் மரியாதையாக நடந்துகொண்டார், குறை சொல்ல எதுவுமில்லை. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்பதே எனக்கு விடிந்த பிறகுதான் தெரியும். பத்து மணிக்கு மாமா வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "கண்ணைக் குடுத்துட்டீங்களா?"

அப்பா கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அட்டை பீரோவில் இருந்தது. கருவிழியை இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நேரம் கடந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், யார்மேலும் போட முடியாது. ஆனால் அந்த ராத்திரி நான் பத்துப் பக்கங்களாவது பார்த்தேன். ஏதாவது ஒன்றில் தாமரைக்குப் பதில் "கண்தானம் செய்திருக்கிறாரா? முதலில் கண் வங்கிக்கு போன் செய்யுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள்" என்று இருந்திருந்தால், அப்பாவின் கண்கள் இன்றைக்கு யாரிடமாவது இருந்திருக்கும்.

எங்கள் வேலையில் ரன்புக் என்று ஒன்று உண்டு. நடுராத்திரி சர்வர் விழுந்தால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எஞ்சினியர் யோசிக்காமல் ஒவ்வொரு படியாகச் செய்ய எழுதி வைத்த குறிப்பு. அதை யாரும் லைக் பண்ண மாட்டார்கள். சர்வர் விழும்வரை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். இறுதிச்சடங்கு நிறுவனத்தின் பக்கம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதன் வாசகர் தினமும் வருபவர் இல்லை. வாழ்க்கையில் ஒருமுறையோ இரண்டுமுறையோ, கை நடுங்க வருபவர்.

அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வீட்டில் நடந்த மரணம் என்றால் டாக்டரிடம் என்ன வாங்க வேண்டும் என்பது ஒன்று. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் எழுத்துமூல அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்கள் தெரிவிப்பார்கள். வீட்டில் இறந்தால் அது குடும்பத்தின் பொறுப்பு. பெயர் எழுத்து மாறினால் பாங்கிலும் இன்சூரன்ஸிலும் அலைய வேண்டும். அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. தன் வியாபாரத்துக்குப் போட்டியான இந்தக் கடைசித் தகவலைத் தன் பக்கத்திலேயே போடுகிறவரை நான் நம்புவேன்.

எங்கள் பகுதிக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. செம்மஞ்சேரியோடு சென்னை மாநகராட்சி முடிகிறது. அடுத்து வரும் நாவலூர் செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் ஒன்றியம். போனில் தேடினால் எல்லாமே "சென்னை" என்று வரும். மாநகராட்சி மயானத்தின் விதி ஒன்று, ஊராட்சி மயானத்தின் நடைமுறை வேறொன்று. ஓ.எம்.ஆர். அடுக்குமாடியில் குடியேறிய எங்களைப் போன்றவர்களுக்கு ஊரும் தெருவும் கிடையாது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுடுகாடு இன்னும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. "எங்கே கொண்டுபோவது?" என்பது வெறும் மேப் கேள்வி இல்லை. பூ அலங்கார வண்டி எந்த வாசலில் போய் நிற்கும், அங்கே வேலை செய்பவருக்கு யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று நான் படித்த எந்தப் பக்கமும் சொல்லவில்லை. குழி வெட்டுபவர், சிதை அடுக்குபவர் எந்தப் படத்திலும் இல்லை.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் 1984 முதல் ஃப்யூனரல் ரூல் என்ற விதி இருக்கிறது. போனில் கேட்டாலே விலை சொல்ல வேண்டும், நேரில் போனால் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும். பிரிட்டனில் 2021 முதல் இணையதளத்திலும் விலை போட்டாக வேண்டும். துக்கத்தில் இருப்பவன் பேரம் பேச மாட்டான் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. நம் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டால் என்ன, ஒருவர் தானாகப் போடக் கூடாதா? கேய்ட்லின் டௌட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி 2011 முதல் யூடியூபில் பிணவறைத் தொழிலைப் பற்றி ஜனங்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறார். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். இழுப்பது தத்துவம் இல்லை, நேர்மையான பதில்.

இதையெல்லாம் தம்பியிடம் டீக்கடையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "விலையப் போட்டா மத்தவங்க அம்பது ரூவா கம்மியா போடுவாங்க சார்" என்றார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாழ்த்துப் படங்களை நிறுத்துவதற்கும் அவருக்கு மனமில்லை. டிசைன் போட்டுத் தருவது அவர் மச்சான்.

ஒன்றை மட்டும் உடனே எடுத்துக்கொண்டார். இப்போது அவர் பக்கத்தின் உச்சியில் எழுத்து மட்டுமே உள்ள ஒரு அட்டை இருக்கிறது. முதல் வரி கண்தானம், ஆறு மணி நேரம். இரண்டாவது டாக்டர் சர்டிபிகேட். மூன்றாவது 21 நாள். அதற்குக் கீழேதான் அவர் நம்பர். லைக் அதிகமில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் அதை நான் போட்டேன். அத்தைகள் யாரும் திட்டவில்லை. நாலைந்து பேர் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள், "சேவ் பண்ணி வச்சுக்கிட்டேன்" என்று.