போன் சொல்லாத செய்தி: போயா பிஒய்-எம்1 காலர் மைக்

ஸ்மார்ட்போனில் வெளி ஒலிவாங்கியை இணைத்துப் பதிவுசெய்வோருக்கு நேரும் இடர்கள் பலவற்றுள், இணைப்பு அறுந்ததைப் போன் எவ்வகையிலும் அறிவிக்காமல், தன் உள் ஒலிவாங்கியைக் கொண்டு பதிவைத் தொடர்ந்து நடத்திச்செல்வதே மிகவும் கொடியது. திரையில் நேரம் ஓடுகிறது, ஒலியளவுக் கோடுகள் ஏறி இறங்குகின்றன, எல்லாம் முறையாக நடப்பதாகவே தோன்றுகிறது. வீடு திரும்பிக் கேட்கும்போதுதான், பேசியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதும், அவரைச் சுற்றியிருந்த இரைச்சலே முன்னுக்கு நிற்பதும் தெரியவருகின்றன.

இங்கு விமர்சனத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட போயா பிஒய்-எம்1 என்னும் சட்டைக்கழுத்து ஒலிவாங்கி, அதாவது கடைகளில் ‘காலர் மைக்’ என்றே கேட்டு வாங்கப்படும் பொருள், தமிழ் யூடியூப் பதிவர்கள் பலருக்கும் முதல் கருவியாக அமைந்த ஒன்று என்பதால், அதன் 6 மீட்டர் கம்பி, 3.5 மி.மீ. செருகி, எல்லாத் திசையொலியையும் ஏற்கும் தன்மை ஆகியவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. கொச்சியின் தோப்பும்படியில் ஆறு வாரங்கள், மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்கால ஏல இரைச்சலிலும், சிறிது தொலைவில் ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள தோபிகானாவிலும் இக்கருவி பயன்படுத்தப்பட்டது. குமரி மாவட்டத் தூத்தூர்க் கடற்கரையைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் தொழில் நடத்தும் துறைமுகம் முன்னது. டச்சுக்காரர் காலத்தில் குடியேற்றப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தமிழ் பேசி வெளுக்கும் துறை பின்னது. இவ்விரு இடங்களின் பேச்சுத் தமிழையும் பதிந்துவைக்க விரும்பும் எவருக்கும் தேவைப்படும் கருவி இத்தகையதே. மறுமுறை கேட்டால் அதே முதியவர் அதே சொற்களில் சொல்லப்போவதில்லை என்பதால், பதிவு பொய்த்துப்போவது இங்கே ஈடுசெய்ய முடியாத இழப்பாகிறது.

கருவி தன் வேலையைச் செய்யும்போது அதன் பயன் ஐயத்திற்கு இடமற்றது. திறந்த வெளியில் பேசுபவரிடமிருந்து தொலைவு இரட்டிக்கும்தோறும் குரலின் அளவு 6 டெசிபெல் குறையும் என்பது ஒலியியலின் அடிப்படை விதி. மோவாய்க்குக் கீழே 20 செ.மீ. தொலைவில் பொருத்திய ஒலிவாங்கிக்கும், 2 மீட்டர் தள்ளிப் பிடித்த போனுக்கும் இடையே ஏறத்தாழ 20 டெசிபெல் வேறுபாடு நேர்வது இதனாலேயே. தோபிகானாவில் கல்லில் துணி அறையும் ஓசைக்கு நடுவே, கஞ்சி போடும் பக்குவத்தை ஒருவர் தாழ்ந்த குரலில் விளக்கியது ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கும்படி பதிவாகியிருந்தது. அதே இடத்தில், அதே நாளில், செருகி சற்றே நெகிழ்ந்திருந்த அடுத்த பதிவில் கல்லோசை மட்டுமே எஞ்சியது.

இந்த நெகிழ்வு ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதை அறிய, செருகியின் அமைப்பை நோக்க வேண்டும். போனுக்கான செருகியில் மூன்று கருவளையங்களும், அவை பிரிக்கும் நான்கு உலோகப் பகுதிகளும் உள்ளன. நுனியிலிருந்து எண்ணினால் முதலிரண்டும் இடது, வலது காதுகளுக்கான ஒலி. மூன்றாவது பொது நிலமுனை. கடைசியாகக் கைப்பிடியை ஒட்டியிருப்பது ஒலிவாங்கிக்கு உரியது. போன் அக்கடைசிப் பகுதியின் வழியே ஒரு சிறு மின்னழுத்தத்தை அனுப்பி, அங்குள்ள மின்தடையை அளந்தே, செருகப்பட்டது வெறும் ஹெட்போனா, ஒலிவாங்கி உள்ள ஹெட்செட்டா என்று முடிவுசெய்கிறது. ஆண்ட்ராய்டின் கம்பி ஹெட்செட் வரையறைப்படி ஒலிவாங்கியின் மின்தடை 1,000 ஓமுக்குக் குறையாதிருக்க வேண்டும்; 70 ஓமும் அதற்குக் கீழும் அழைப்பை ஏற்கும் பொத்தானின் அழுத்தமாகக் கொள்ளப்படும். இரண்டே கருவளையங்கள் கொண்ட கேமரா ஒலிவாங்கியை நேரடியாகப் போனில் செருகினால், அதன் நீண்ட கடைசிப் பகுதி நிலமுனையையும் ஒலிவாங்கி முனையையும் ஒன்றாக்கிவிடுவதால், போன் அதனை ஒலிவாங்கியற்ற ஹெட்போன் என்றே கருதி, உள் ஒலிவாங்கியைத் தொடர்ந்து பயன்படுத்துகிறது. போன் உறையின் தடித்த விளிம்பு செருகியை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினாலும், சட்டைப்பையின் நூற்பிசிறு துளையின் அடியில் திரண்டிருந்தாலும் முனைகள் இடம்பெயர்ந்து, விளைவு அதேபோல் ஆகிவிடுகிறது. தோப்பும்படி போன்ற காயலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் தொடுமுனைகளை மங்கச் செய்வதால், மின்தடை தாறுமாறாகி, யாரும் தொடாமலே குரல் உதவிச் செயலி திறந்துகொள்வதும் உண்டு. உறையைக் கழற்றுவது, போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் துளையின் பிசிறை மெல்லக் கிளறி எடுப்பது, செருகியை உலர்ந்த துணியால் துடைத்து ‘டிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தி இருமுறை சுழற்றுவது ஆகிய எளிய செயல்களே பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்தன.

உள்ளபடியே எந்த ஒலிவாங்கி பதிவுசெய்கிறது என்பதை அறிய நம்பத்தகுந்த வழி ஒன்றே உள்ளது. பதிவைத் தொடங்கி, சட்டையில் பொருத்திய ஒலிவாங்கியின் தலையை நகத்தால் மூன்றுமுறை உரசி, பின்னர் போனின் அடிப்பகுதியிலுள்ள சிறு துளையையும் அவ்வாறே உரசிக் கேட்க வேண்டும். எந்த உரசல் பெரிதாக ஒலிக்கிறதோ அதுவே பதிவுசெய்யும் ஒலிவாங்கி. கைதட்டிப் பார்ப்பதாலோ, ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிப் பார்ப்பதாலோ பயனில்லை, அவை இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் கேட்கும். கேட்டுச் சோதிக்கும்போது செருகியைக் கட்டாயம் கழற்ற வேண்டும் என்பதையும் இங்கே அழுத்திக் கூற வேண்டியுள்ளது: செருகி துளையில் இருக்கும்வரை ஹெட்போன் இணைந்திருப்பதாக எண்ணும் போன், ஒலியை இல்லாத ஹெட்போனுக்கே அனுப்புகிறது, ஒலிபெருக்கி மௌனமாக இருப்பதைக் கண்டு, நல்ல பதிவைப் பாழ் என்று கருதி அழித்துவிடுவோர் உண்டு.

இக்கருவியின் வடிவமைப்பில் பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு குறை, கம்பியின் நடுவேயுள்ள சிறு பெட்டியின் நகர்த்துபொத்தான். அதன் ஒரு நிலை கேமராவுக்கும், மற்றொரு நிலை போனுக்கும் உரியது. ஆனால் போனுக்குரிய நிலையிலேயே ‘ஆஃப்’ என்றும் அச்சிடப்பட்டுள்ளது. கேமராவில் செருகும்போது பெட்டிக்குள் இருக்கும் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி மின்சாரம் தர வேண்டியிருப்பதும், போன் தானே மின்சாரம் தருவதால் பேட்டரி அணைந்திருக்கலாம் என்பதும் பொறியாளரின் கணக்கில் சரியே. எனினும், வேலை செய்யவேண்டிய கருவியை ‘ஆஃப்’ நிலையில் வைக்க யாருக்கு மனம் வரும்? துறைமுகத்தில் கருவியை வாங்கிப் பார்த்த மூவரும் முதலில் செய்தது, பொத்தானைக் கேமராப் பக்கம் தள்ளியதுதான். ஒரு துண்டு பசைநாடா ஒட்டி அதனைப் போன் நிலையில் நிறுத்திவிடுவது நலம்.

துளையற்ற போன்களில் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டதிலிருந்து மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றதன் விலையை இன்று எளிய பதிவர்கள் இணைப்பான்களாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர். டைப்-சி இணைப்பான்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இருவகைப்பட்டவை: ஒன்று, போனின் உள்ளிருக்கும் ஒலிச்சுற்றைக் கம்பியால் வெளியே நீட்டுவது, மற்றது, ஒலியை எண்முறைக்கும் எண்முறையிலிருந்தும் மாற்றும் சிப்பைத் தன்னுள் கொண்டது. முதல் வகை, அதற்கு இடந்தராத போனில் அறவே இயங்காது. இரண்டாம் வகையிலும் பாட்டுக் கேட்க மட்டும் சிப் வைத்து, ஒலிவாங்கிப் பாதையை விட்டுவிட்டவை விற்பனையில் உள்ளன. சோதனைக்கு வாங்கிய, பெயர் அச்சிடப்படாத ஓர் இணைப்பானில் பாட்டு அருமையாகக் கேட்டது, குரல் மட்டும் ஒருமுறையும் ஏறவில்லை. ஆகவே உறையின் மேல் ‘மைக் ஆதரவு’ என்று தெளிவாக எழுதப்பட்டிருப்பதையே வாங்க வேண்டும். சில போன்களில் ஓடிஜி, அதாவது போனே மின்சாரம் தந்து வெளிக்கருவியை இயக்கும் வசதி, அமைப்புகளில் தனியே இயக்கப்பட வேண்டியதாகவும், பத்து நிமிடம் பயனின்றி இருந்தால் தானே அணைவதாகவும் வைக்கப்பட்டுள்ளது. ஏலம் தொடங்கக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அது அணைந்துபோனால், அதற்கும் எச்சரிக்கை ஏதும் வருவதில்லை.

கம்பி, துளை, இணைப்பான் யாவும் சரியாயிருந்தும் குரல் ஏறாவிடில், குறை செயலியில்தான். போனோடு வரும் கேமராச் செயலிகள் சில வெளி ஒலிவாங்கியைப் பொருட்படுத்துவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ‘ஓப்பன் கேமரா’ செயலியின் அமைப்புகளில் ஒலி மூலத்தை வெளி ஒலிவாங்கி என்று குறிப்பிட முடிவதால், ஆண்ட்ராய்டு போனுக்கு அதுவே பரிந்துரைக்கத்தக்கது. பதிவின்போது போனை விமான நிலையில் வைப்பது, அழைப்பு வந்து பதிவு நிற்பதையும், ஆறு மீட்டர் கம்பி போனின் வானலையை வாங்கி இரைவதையும் ஒருசேரத் தடுக்கும். கருவியோடு வரும் பஞ்சுறையைக் கழற்றாமலிருப்பது நல்லது. காயல் காற்று வீசும் மாலைகளில் அது போதுமானதாக இல்லை என்பதும், பேசுபவரைக் காற்றுக்கு முதுகுகாட்டி அமரச் செய்தால் போதுமானதாகிவிடுகிறது என்பதும் துறைமுகச் சுவரோரம் கண்டறியப்பட்டன.