தட்டியதும் தளரும் பிடி

கந்தசஷ்டிக்குத் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது, முருகனுக்குப் புஷ்பாஞ்சலிதான். போர் முடிந்து அவன் சினம் தணிந்த மலை இது என்பது ஐதீகம். 365 படிகளை ஏறி மூச்சு வாங்க உட்காரும்போதெல்லாம் எனக்குச் சண்டை முடிந்ததும் சினம் தணிந்துவிடும் கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் நினைப்பு வரும்.

2024 ஜூன் 8 அன்று, அமெரிக்காவின் லூயிவில் நகரில் யுஎஃப்சி என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் பூஜா தோமர் ஜெயித்தார். உத்தரப் பிரதேசத்துப் பெண், வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து வந்தவர். ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. நடுவர்களில் இருவர் அவருக்கு 30-27 என்று கொடுக்க, மூன்றாமவர் அதே கணக்கை எதிராளி ரயானே டோஸ் சாண்டோஸுக்குக் கொடுத்தார். யுஎஃப்சியில் ஓர் இந்தியப் பெண்ணின் முதல் வெற்றி! அதைப் பார்த்துக் கண் கலங்கினேன்.

ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தட்டல். கழுத்தைச் சுற்றி முழங்கை மடிப்பு இறுகுகிறது. முகம் சிவந்து கண் சொருகப் போகிறது. சிக்கியவர் எதிராளியின் கையில் இரண்டு மூன்று முறை தட்டுகிறார். நடுவர் பாய்ந்து வர, இறுக்கிய கை அப்படியே தளர்கிறது. பயிற்சிக் கூடத்திலோ நடுவரும் இல்லை. கூடப் பயிற்சி எடுப்பவர் விட்டுவிடுவார் என்று நம்பித்தான் கழுத்தைக் கொடுக்கிறார்கள். நெரித்தவரே கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.