குறைந்த செலவில் காசி: மூன்று திட்டங்கள், ஒரு மதிப்பீடு

பயண நூல்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேயும் நாம் பயணத் திட்டங்களை அப்படிப் பார்ப்பதில்லை. டூர் நோட்டீஸ் கைக்கு வந்தால் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகிறது: தலைக்கு எவ்வளவு? திட்டமும் ஓர் ஆக்கம்தான். அதில் தேர்வு இருக்கிறது, விடுபடல் இருக்கிறது, பகுதிகளுக்கு இடையே விகிதம் இருக்கிறது. எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பார்த்தாலே, அதைப் போட்டவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து குழுவாகக் காசிக்குப் போக இன்று புழக்கத்தில் உள்ள சிக்கன வழிகள் மூன்று: டூர் நடத்துபவரின் நோட்டீஸ், ரயில்வேயின் சுற்றுலா ரயில், நாமே ஆள் சேர்த்துப் போடும் திட்டம். விலையைச் சற்று ஒதுக்கிவைத்து, கட்டுக்கோப்பை முன்வைத்து இவற்றை எடைபோடலாம்.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சுமார் நூறு பேருடன் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். வழியில் நண்பருக்கு எழுதிய குறிப்புகள் 1838இல் தெலுங்கில் 'காசியாத்ர சரித்ர' என்ற நூலாயின. பல்லக்கும் கூடாரமுமாகப் போனவர் அவர்; சிக்கனத்துக்கு முன்மாதிரி அல்லர், முறைக்கு முன்மாதிரி. அடுத்த தங்கல் எவ்வளவு தூரம், அங்கே தண்ணீர் எப்படி, கடை கண்ணி உண்டா என்று ஊர் ஊராகப் பதிந்தார். பின்னால் வருகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படலாம். இன்றைய நோட்டீஸில் ஊர்ப் பெயர்கள் இருக்கும். இந்தத் தகவல்கள் இருக்காது.

அந்த நோட்டீஸை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்பது நாள், காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி. ஸ்லீப்பர் ரயில், தங்குமிடம், மூன்று வேளை தென்னிந்தியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. இதன் நிறைகளை மறுக்க முடியாது. இந்தி தெரியாத, தனியாக வெளியூர் போய்ப் பழகாத அறுபது வயதுக்காரர்களை இது காசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறது. இடையில் யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. பையிலிருந்து பணம் எடுக்கும் தருணங்கள் குறைவு. பல குடும்பங்களில் காசியைப் பார்த்த முதல் பெண் இப்படியொரு குழுவில் போனவர்தான். இந்த வடிவத்தை ஏளனம் செய்வது எளிது. அதில் நியாயம் இல்லை.

குறை கட்டுக்கோப்பில் இருக்கிறது. போக வர ரயிலில் நான்கு நாள் கழிகிறது. எஞ்சிய ஐந்து நாளில் நான்கு ஊர். காசியிலிருந்து பிரயாக்ராஜ் சுமார் 120 கிலோமீட்டர், கயா சுமார் 250, அயோத்தி ஏறத்தாழ 200. ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே, ஒன்று வடமேற்கே. கணக்குப் போட்டுப் பார்த்தால் காசிக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்; அதிலும் அரை நாள் விஸ்வநாதர் கோவில் வரிசைக்கும், செல்போனை லாக்கரில் வைத்துத் திரும்ப வாங்கும் வேலைக்கும் போய்விடும். தலைப்பில் காசி, உள்ளே வேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிரயாகை, காசி, கயா மூன்றையும் ஒன்றாகக் கொள்வது இன்று நேற்று வந்ததல்ல. திரிஸ்தலி என்ற அந்தத் தொகுப்புக்குக் காசியிலேயே வாழ்ந்த நாராயண பட்டர் 16ஆம் நூற்றாண்டில் தனி நூல் செய்தார். பித்ரு காரியம் செய்யப் போகிறவருக்கு அந்த மூன்றும் ஒரே செயலின் மூன்று பகுதிகள். அவருக்கு கயா வேண்டாம் என்று சொல்லும் தகுதி எந்தத் திறனாய்வுக்கும் இல்லை. ஆகவே நோட்டீஸின் பிழை பிரயாகையோ கயாவோ அல்ல. இந்த உள்ளிணைப்பு இல்லாத அயோத்தியையும், 2024 ஜனவரியில் புதிய கோவில் திறந்த கையோடு, அதே ஒன்பது நாளுக்குள் நுழைத்ததுதான் பிழை. நாளைக் கூட்டாமல் ஊரைக் கூட்டினால் குறைவது காசியின் பங்குதான். சடங்குக்காகப் போகிறவரையும் ஒரு பழம்பெரும் நகரத்தைப் பார்க்கப் போகிறவரையும் ஒரே வேனில் ஏற்றியது இரண்டாவது பிழை. முன்னவருக்கு அவசரம், பின்னவருக்கு ஏமாற்றம்.

நகரத்தில் எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரே இடத்தைக் காட்டலாம். மாலையில் குழு தசாசுவமேத காட்டில் ஆரத்தி பார்க்க உட்கார்கிறது. பக்கத்திலேயே, சில பத்து அடிகளில், ஆற்றை நோக்கிச் செதுக்கிய கல் மாடத்தோடு நிற்கிறது மான் மஹால். ஆம்பேர் அரசர் மான்சிங் கட்டியது. அதன் மொட்டைமாடியில் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சவாய் ஜெய்சிங் அமைத்த வானியல் கருவிகள் இன்றும் இருக்கின்றன. தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஜந்தர் மந்தர் என்று காசு கொடுத்துப் பார்க்கிறோமே, அந்த வரிசையில் ஒன்று. ஆரத்திக்கு இடம் பிடிக்க ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்காரும் கூட்டம் அந்தப் படியேறுவதில்லை. நோட்டீஸில் அதன் பெயர் இல்லை. 'ஷாப்பிங்' என்ற சொல் இருக்கிறது.

சாரநாத்தும் நல்ல உரைகல். காசியிலிருந்து 10 கிலோமீட்டர். 1950இல் நாம் தேசியச் சின்னமாக ஏற்ற சிங்கத் தலைப்பு அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாமேக் ஸ்தூபி பக்கத்தில். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு திட்டம் சாரநாத்தை வெள்ளிக்கிழமையில் வைத்திருந்தால், அதைப் போட்டவர் அங்கே உள்ளே போனதே இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இனிச் செலவு. சிக்கனம் என்றதும் முதலில் கை வைப்பது அறை வாடகையில். ரயில் நிலையத்தை ஒட்டியோ ஊருக்கு வெளியிலோ மலிவான லாட்ஜ் பிடிப்பார்கள். இந்த மிச்சம் வெறும் தோற்றம். நிலையத்திலிருந்து படித்துறைப் பகுதி நான்கைந்து கிலோமீட்டர். பேட்டரி ரிக்ஷாவில் நான்கு பேர் என்றால் பன்னிரண்டு பேருக்கு மூன்று வண்டி. விடியற்காலை ஒரு முறை, மாலை ஒரு முறை போய்வர நாளொன்றுக்குப் பன்னிரண்டு வாடகை. அதுவும் கோதௌலியா சந்திப்பை நெருங்கும்போது நெரிசல் நேரத்தில் வண்டியை நிறுத்தி இறக்கிவிடுவார்கள். மிச்ச தூரம் நடைதான். பணத்தைவிடப் பெரிய இழப்பு, மதியம் அறைக்குத் திரும்பிக் காலை நீட்ட முடியாமல் போவது. வயதானவர் இருக்கும் குழுவில் ஒரு மணி நேர மதிய ஓய்வு இல்லாவிட்டால் மாலை நிகழ்ச்சி பாதிப் பேருக்குத்தான்.

காசியில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் கட்டணமே இல்லை. எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள், சந்துகள், ஆரத்தி, கோவில்கள், காலை வெயில் எல்லாம் இலவசம். மான் மஹாலுக்கும் சாரநாத்துக்கும் சிறு நுழைவுக் கட்டணம். படகுக்குப் பேரத்தைப் பொறுத்து. இப்படிப்பட்ட ஊரில் பணம் கரைவது இடம்விட்டு இடம் நகர்வதில்தான். தூரத்தை வாங்கி வாடகையை மிச்சப்படுத்தும் திட்டம் காசியைப் பொறுத்தவரை தலைகீழ்ச் சிக்கனம். படித்துறைக்கு நடந்து போகும் தூரத்தில் சற்றுக் கூடுதல் வாடகைக்குத் தங்குவதே மொத்தக் கணக்கில் மலிவு. அந்தப் பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் உட்படத் தமிழர்களுக்குப் பழகிய தங்குமிடங்கள் உண்டு. முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும், போய் நின்றால் கிடைக்காது.

கூடவே அழைத்துப் போகும் சமையற்காரர் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் இதைக் கிண்டல் செய்கிறார்கள். வயிறு கெட்டால் நாற்பது பேர் பயணமும் கெடும்; மிளகு ரசத்தின் நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் ஒன்பது நாளும் இருபத்தேழு வேளையும் அதே சாம்பார் என்றால், காலை எட்டு மணிக்குச் சந்து முனையில் சுடச்சுடக் கிடைக்கும் கசோரி, குளிர்காலத்தில் மட்டும் மண்குவளையில் வரும் பால் நுரையான மலய்யோ ஆகியவற்றை அந்தக் குழு வெறுமனே தாண்டிப் போகிறது. இரவுச் சாப்பாடு நம்முடையது, காலைச் சிற்றுண்டி ஊருடையது என்று பிரித்திருந்தால் செலவும் ஏறாது.

இரண்டாவது வடிவம் ரயில்வேயின் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில். இதன் முதல் ஓட்டமே 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்குத்தான் நடந்தது. ஒழுங்கு, பாதுகாப்பு, ரயிலே தங்குமிடமாவதால் மிஞ்சும் பணம் ஆகியவை இதன் பலம். பல நூறு பேரை ஒரே நேரத்தில் இறக்கிப் பேருந்தில் ஏற்றி இறக்குவதால் வேகம் கூட்டத்தின் வேகம்தான். நோட்டீஸ் வடிவத்தின் குறைகளே இங்கு இன்னும் பெரிய அளவில். தனித்து ஆராய அதிகம் இல்லை.

மூன்றாவது, நண்பர்களோ உறவினர்களோ தாமே சேர்ந்து போடும் திட்டம். இதைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. புகழுமுன் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சுமையும் ஒருவர் தலையில் விழும். தொடக்கத்தில் இருபத்தைந்து பேர் வருகிறேன் என்பார்கள். டிக்கெட் போட்டதும் ஆளுக்கொரு கல்யாணம் வந்துவிடும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுத்து வாங்கினால் மூன்றாம் நாளே கணக்கு சண்டையாகும். ரயிலில் முதியோர் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டதால் பழைய மனக்கணக்கும் பொய்த்துவிடும். இவை எல்லாம் உண்மை.

ஆனால் இந்தக் குறைகளுக்கு முறையில் மருந்து உண்டு. முதல் வடிவத்தின் குறைக்கு இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, ஒரு பி.என்.ஆரில் ஆறு பேர். ஆகவே பன்னிரண்டு பேர் என்பது இரண்டு பி.என்.ஆர்., மூன்று ரிக்ஷா, ஒரு படகு. குழுவின் இயல்பான அளவு அதுதான். அதற்கு மேல் போனால் ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடிக்கக்கூட இடம் கிடைக்காது. முன்பணத்தைப் பொதுப் பணமாக ஒருவரிடம் கொடுத்து, தினமும் இரவு கணக்குப் படித்துவிட்டால் சண்டைக்கு வேலை இல்லை. ரயில்களும் முன்பைவிட வசதி: சென்னையிலிருந்து கங்கா காவேரி, ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கு வாராந்திர ரயில், 2023 டிசம்பரிலிருந்து கன்னியாகுமரியிலிருந்து காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆகஸ்டில் கங்கை ஏறினால் படித்துறைகள் மூழ்கிப் படகுகள் நின்றுவிடும். நவம்பரும் பிப்ரவரியும் தகுந்த மாதங்கள், தேவ தீபாவளியும் சிவராத்திரியும் விழும் நாள்களை விட்டுவிட்டு.

காசிக்கே நான்கு நாள் ஒதுக்கும் இந்த வடிவம் என்ன சாதிக்கிறது? ஒரு காலையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். தசாசுவமேதத்திலிருந்து தெற்கே அஸி வரை மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான நடை. வழியில் கேதார காட். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் வந்து தங்கி மடம் கண்ட பகுதி. பிறகு அரிச்சந்திர காட். அதைத் தாண்டி அனுமன் காட். தந்தை இறந்தபின் 1898இல் வந்த இளம் பாரதி அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்த இடம். அடுத்துச் சிவாலா, 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸை எதிர்த்த காசி அரசர் சேத் சிங்கின் கோட்டைச் சுவர். நடக்க முடியாதவர்கள் அதே தூரத்தைப் படகில் வரலாம். துடுப்புப் படகைக் கேட்டுப் பிடிக்க வேண்டும். மோட்டார் படகில் ஏறினால் வழிகாட்டி சொல்வது யார் காதிலும் விழாது. இந்தக் காலைக்கு ஆன செலவு கசோரியும் டீயும். வடக்கே லலிதா காட்டின் நேபாளக் கோவில் மரவேலையும் பஞ்சகங்கையின் ஆலம்கீர் மசூதியும் இன்னொரு காலைக்கு. 2021 டிசம்பரில் திறந்த விஸ்வநாதர் கோவில் வளாகத்தின் வழியே லலிதா காட்டிலிருந்து நேரே கோவிலுக்கு ஏறிவிடலாம் என்பது வயதானவர்களுக்குப் பெரிய வசதி. அந்த வளாகத்துக்காகப் பழைய சந்துகள் போனதன் இழப்பு தனிக் கட்டுரைக்கு உரியது.

ஆகவே தீர்ப்பு இது. பித்ரு காரியத்துக்குப் போகிறவருக்கு, அயோத்தி நீங்கிய நோட்டீஸ் திட்டம் போதுமானது. அயோத்தி சேர்ந்தது தேறாது. தனியாகச் சமாளிக்க முடியாத முதியவருக்குச் சுற்றுலா ரயில் நேர்மையான ஏற்பாடு, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. நகரத்தைப் பார்க்க விரும்பும் குழுவுக்கு, பன்னிரண்டு பேர், கோதௌலியாவிலிருந்து நடை தூரத்தில் தங்கல், காசிக்கும் சாரநாத்துக்கும் மட்டுமாக நான்கு முழு நாள் என்ற மூன்றாவது வடிவமே விலையிலும் தரத்திலும் முதலிடம். அயோத்தி எங்கும் போய்விடவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து அங்கே வாராந்திர நேரடி ரயில் ஓடுகிறது.