சுவரொட்டிக் கட்சி

சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலின் நன்றாக உலர்ந்த துண்டை ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வரும். வளைந்தால் ஈரம் பாக்கி. பொடிந்தால் சூடு அதிகம். சத்தம் சரியாக வந்ததா என்று நான் பார்ப்பதற்குள், திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த முத்து அடுப்படி வாசலில் வந்து நிற்பான். சிப்பிப்பாறை நாயின் காதுக்குத் தவறாது.

கோழி நெஞ்சுக் கட்சிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நார் நாராகக் கிழியும், பார்க்க லட்சணம்தான். ஆனால் நமக்கு ஒன்பதாயிரம் சுவைமொட்டுகள் என்றால் நாய்க்கு 1,700 சொச்சம். அது மூக்கால் தின்கிற பிராணி. உலர்ந்த கோழி நெஞ்சு அந்த மூக்குக்கு என்ன பெரிதாகச் சொல்லிவிடும்? ஈரலுக்கு வாசனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைட்டமின் ஏ-க்குப் பயந்து எண்ணி எண்ணிக் கொடுக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டால் மாவாகிவிடும். நுரையீரல் மொறுமொறுப்பில் யாருக்கும் சளைத்ததல்ல. ஆனால் அப்பளம்போல வாயில் நிற்காமல் போய்விடும். ரத்த வாசனையும் கடிபடும் கனமும் ஒன்றாகச் சேர்வது சுவரொட்டியில்தான். இதிலும் கை மீறினால் மறுநாள் காலை நடையில் பதில் தெரிந்துவிடும்.

பக்குவம் சின்னது. வெறும் தண்ணீரில் முழுசாக வேகவிட்டு, ஆறியதும் சவ்வை உரித்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே கனமாக நறுக்க வேண்டும். பிறகு 80 டிகிரி அவனில், கதவை விரற்கடை திறந்துவைத்து மூன்று மணி நேரம். வேறொன்றும் சேர்க்கக் கூடாது. இந்தக் கலையே சேர்க்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அதை எனக்குச் சொல்லித்தந்தவள் அப்பத்தா. சித்திரையில் உப்புக்கண்டம் போடும்போது, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் விரவுவதற்கு முன்பே ஒரு கை கறியை ஒதுக்கிவிடுவாள். அது வீட்டு நாய் மணிக்கு. மற்றதெல்லாம் நூலில் கோத்துக் கொடியில் ஏறும். மணியின் பங்கு மட்டும் வெந்து, விறகடுப்பு ஓரத்துத் தட்டில் உலரும். ஏன் என்று கேட்டேன். “உப்பில்லாத கறிய வெயில் காக்காதுடா” என்றாள். பூண்டு நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும் என்று அவள் படித்ததில்லை. பச்சை ஈரலிலும் நுரையீரலிலும் ஒளிந்திருக்கும் நீர்க்கட்டி, நாய்க்குள் நாடாப்புழுவாகி அதன் வழியாக நம் வீட்டுப் பிள்ளைகள் வரை வரும் என்பதையும் கேள்விப்பட்டதில்லை. அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வீட்டில் செய்கிறவர்களும் எலும்பு வடிவ அச்சு வாங்கிவிட்டார்கள். பூசணிக்காய், கடலை வெண்ணெய், கோதுமை மாவு என்று எல்லாம் சேர்ந்த பிறகு கறி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. படம் நன்றாக வருகிறதாம். கடைக் குச்சிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாயின் கண்ணுக்குச் சிவப்பு வெறும் மங்கல் பழுப்பு. அந்தச் சாயம் காசு கொடுக்கிறவருக்குத்தான். 2007 முதல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு, கடையில் வாங்கிய உலர்கறி தின்ற நாய்கள் நோயுற்றதாக ஆயிரக்கணக்கில் புகார்கள் போயின. பல ஆண்டுகள் துருவியும் காரணம் இன்னதென்று அறுதியிட முடியவில்லை. என் தட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

ஒரே வருத்தம், ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். ரத்தம் ஊறும் என்று விடியுமுன்னே பலர் சொல்லிவைத்துவிடுவார்கள். முதல்முறை கேட்டபோது கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, “வீட்ல யாருக்குண்ணே ரத்தம் கம்மி?” என்றார். “முத்துவுக்கு” என்றேன். பாவம் என்று எடுத்துக் கொடுத்தார். இன்றும் ஞாயிறுதோறும் தனியாக எடுத்துவைத்து, “தம்பி தேறிட்டானாண்ணே?” என்று கேட்கிறார்.

தேறிவருகிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.