பாதையில்லாத முகடு

மதுராந்தகத்துக்குத் தெற்கே அச்சிறுபாக்கத்து வஜ்ரகிரிமேல் பசுபதீஸ்வரர் கோயிலுக்கு நல்ல பாதை உண்டு. எனக்குப் பிடித்தது, இந்த வட்டாரத்துக் குன்றுகளில் அப்படிப்பட்ட பாதையை விட்டு விலகி, முகட்டோடு தனியே நடப்பது.

உயரம் பெரிதல்ல. ஆனால் ஒவ்வோர் அடியையும் நாமே முடிவு செய்ய வேண்டும். சரிந்த பாறையில் முழுப் பாதத்தையும் பதித்தால் பிடிப்பு கிடைக்கும். மழைக்குப்பின் கறுத்துக் கிடக்கும் பாசிமேல் அந்தக் கணக்கு செல்லாது. காரை, களா, சூரை முட்புதர்கள் வழிமறிக்கும்போது ஆடு போன தடமே கைகொடுக்கும். ஏறும்போது அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும், இறங்குகையில் அதே இடம் வேறாகத் தெரியும். பேச்சுத்துணை இருந்தால் இதில் பாதி தவறிப்போகும்.

காலடியில் இருப்பதும் சாமானியக் கல் அல்ல. செங்கல்பட்டு வட்டாரத்தில் பரவலாகக் கிடைக்கும் சார்னகைட், பல நூறு கோடி ஆண்டுப் பழையது. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை என்பதால், 1893இல் புவியியலாளர் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். கல்குவாரிகள் இந்தக் குன்றுகளை ஜல்லியாக்குவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

கார்த்திகை மார்கழியில் போங்கள், ஏரிகள் நிறைந்திருக்கும். காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் ஏறுகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.