ஸ்டாண்ட்பையின் சுமை பிரைமரியின் தலையில்

போஸ்ட்கிரஸில் பிரைமரி சர்வரின் நகலான ஸ்டாண்ட்பையில் ஓடும் குவெரி பாதியில் ரத்தானால், ‘ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை ஆன் பண்ணிவிடு’ என்பதுதான் இன்று எல்லோர் வாயிலும் வரும் முதல் பதில். சர்வரை நிறுவும்போதே அதை ஆன் செய்துவிடும் பழக்கமும் பரவியிருக்கிறது. உருவாக்கியவர்கள் ஆஃப் நிலையிலேயே தரும் ஒன்றை இப்படி விதியாக்கியது தவறு.

2011இல் 9.1 பதிப்போடு வந்த இந்த வசதி சொன்னதைச் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஸ்டாண்ட்பையின் குவெரிகளுக்கு எவ்வளவு பழைய வரிசைகள் வரை தேவை என்பது பிரைமரிக்குப் போய்ச் சேர்கிறது, செத்த வரிசைகளைத் துடைக்கும் வேக்யூம் அவற்றை அகற்றாமல் விடுகிறது, குவெரியை ரத்தாக்கும் மோதல், அதாவது அந்த அகற்றலுக்கும் ஸ்டாண்ட்பையின் குவெரிக்கும் இடையிலானது, பெருமளவு குறைகிறது. முக்கால்வாசி ஓடிய மாதக் கடைசி அறிக்கை ரத்தாகி நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி பெரிது. சில நொடிகளில் முடியும் குவெரிகள் மட்டும் ஓடும் இடத்தில் கேடும் அதிகமில்லை.

ஆனால் ஸ்டாண்ட்பையில் அறிக்கைகளை ஓட்டுவதே அவற்றின் பாரம் பிரைமரியைத் தொடக்கூடாது என்பதற்காகத்தானே? ஃபீட்பேக் அந்தப் பாரத்தைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறது. ஸ்டாண்ட்பையில் ஒரு குவெரி ஆறு மணி நேரம் ஓடினால், அந்த ஆறு மணி நேரத்தில் செத்த வரிசைகளைப் பிரைமரியின் வேக்யூம் தொட முடியாது. அந்தக் குவெரி எட்டிக்கூடப் பார்க்காத டேபிள்களுக்கும் இதே கதிதான். ஓயாமல் அப்டேட் ஆகும் சிறிய டேபிள் ஒன்று ஊதிப் பெருக்கிறது, இண்டெக்ஸும் கூடவே பெருக்கிறது, மில்லிநொடியில் முடிந்த வேலை இழுக்கத் தொடங்குகிறது. கடன் வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டுபவர் வேறொருவர்.

வட்டி எங்கிருந்து வருகிறது என்பதும் எளிதில் தெரிவதில்லை. ரத்தான குவெரி காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறது; ஸ்டாண்ட்பையின் மோதல் கணக்கிலும் ஏறுகிறது. ஊதிய டேபிளோ எதுவும் சொல்வதில்லை. பிரைமரியில் ஓடும் குவெரிகளின் பட்டியலில் நீண்டது எதுவும் இருக்காது. ரெப்ளிகேஷன் நிலவரத்தில் ஸ்டாண்ட்பை பிடித்துவைத்திருக்கும் எக்ஸ்மின்னை, அதாவது அதற்கு இன்னும் தேவைப்படும் மிகப் பழைய டிரான்சாக்ஷனின் எண்ணை, தேடிப் பார்ப்பவருக்கே உண்மை தெரியும். ஸ்டாண்ட்பையின் தேவையைப் பிரைமரியில் பதிந்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வேறு இருந்தால், ஸ்டாண்ட்பை விழுந்த பிறகும் அந்த எக்ஸ்மின் அங்கேயே நிற்கும். இயங்காத ஒரு சர்வருக்காகப் பிரைமரி குப்பையைச் சுமக்கும்.

குவெரி முடிந்ததும் வேக்யூம் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று இதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். சுத்தம் செய்யும், ஆனால் பெருத்த கோப்பு பெரும்பாலும் இளைக்காது. அதை இளைக்கவைக்கும் வேக்யூம் ஃபுல், டேபிளை முழுவதுமாகப் பூட்டுகிறது. அந்தப் பூட்டு ஸ்டாண்ட்பைக்கும் போய், அங்கே அந்த டேபிளைப் படிக்கும் குவெரிகளோடு மோதுகிறது. பூட்டால் வரும் மோதலை ஃபீட்பேக் தடுப்பதே இல்லை. எதைத் தவிர்க்கப் போனோமோ, அதையே கடைசியில் நாமே வரவழைக்கிறோம்.

செய்ய வேண்டியது ஸ்டாண்ட்பையின் வேலையைப் பிரிப்பது. பிரைமரி விழுந்தால் அதன் இடத்துக்கு ஏறவேண்டிய ஸ்டாண்ட்பையில், மோதும் குவெரிக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே இயல்பான 30 நொடியிலேயே இருக்கட்டும். அறிக்கைக்கென்று வேறொன்றை வைத்து, அதில் அந்த அளவைச் சில மணி நேரமாக உயர்த்தி, ஃபீட்பேக்கை ஆஃப் செய்யலாம். இந்த அளவு குவெரிக்குக் குவெரி புதிதாகத் தொடங்குவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குவெரி தாமதத்தைத் தின்றுவிட்டால், ஸ்டாண்ட்பை பிரைமரியை எட்டிப் பிடிக்கும்வரை அடுத்ததற்கு மிச்சமே கிடைக்கும். அதனால் அளவைத் தாராளமாக வைக்க வேண்டும்; அப்போதும் ரத்தாவதை அப்ளிகேஷன் மறுபடி ஓட்ட வேண்டும். அறிக்கை படிப்பவர்கள் சில மணி நேரம் பழைய தரவை ஏற்க வேண்டியிருக்கும். நேற்றைய விற்பனையைக் கூட்டிப் பார்ப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை.

இரண்டாவது சர்வருக்குப் பணமில்லாத இடத்தில் ஃபீட்பேக்கை ஆன் செய்துதான் ஆகவேண்டும் என்றால், ஸ்டாண்ட்பையில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டையும், டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்புகளுக்கான டைம்அவுட்டையும் அதே நாளில் அமைக்க வேண்டும். எக்ஸ்மின் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்குப் பிரைமரியில் அலர்ட்டும் வேண்டும்.